1.8-ஐ நம்பிய கதை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த நாள் என்றால் நள்ளிரவு ஒரு மணிக்கே கடையில் இருக்க வேண்டும். வரத்து குறைந்த நாட்களில் ஐந்து மணிக்குப் போனால் போதும்.

குறட்டைக்குப் பயந்து வீட்டார் கூட்டிப்போய்த் தூக்க டெஸ்ட் எடுத்ததில், தூங்கும்போது மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான ரகமாம். தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் வாங்கினோம். முதல் வாரம் மாஸ்க்கோடு மல்லுக்கட்டு, கரண்ட் போனால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, அப்புறம் இன்வெர்ட்டர் இணைப்பு. இதெல்லாம் மெஷின் வாங்கிய பலரும் பட்டதுதான்.

மூன்று மாதத்தில் குறட்டை போயே போச்சு. முன்பு 41 என்று வந்த அதே கணக்கு, காலையில் மெஷின் திரையில் 1.8, 2.1 என்று வரும். ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பதால் எனக்கு ஒரே பெருமை. ஆனால் அசதி மட்டும் போகவில்லை. ஒரு நாள் 'சிலைமான் பிச்சி 4 கிலோ' என்று எழுத ஆரம்பித்து, 'பிச்சி'யிலிருந்து பேனா வழுக்கித் தாளின் அடி வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டது. "என்னண்ணே, கணக்குல கோலம் போட்டிருக்கீங்க?" என்றார் முதலாளி மகன்.

மெஷின் விற்றவரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நம்பர் தங்கமா இருக்கு சார், நல்லாத்தான் தூங்குறீங்க" என்றார். வயசுக் கோளாறு போல என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் வீண். ஒரு விடியற்காலை ஒத்தக்கடைப் பக்கம் பைக்கில் வரும்போது கண் சொருகி, பின்னால் வந்த மினி பஸ்ஸின் ஹாரனில்தான் விழித்தேன். கை நடுக்கம் நிற்க இரண்டு டீ ஆயிற்று.

அன்றைக்கே நுரையீரல் டாக்டரிடம் போனேன். டிவி பார்க்கும்போது தூங்கி விழுவீங்களா, பஸ்ஸில் போகும்போது தூங்கி விழுவீங்களா என்று எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். நான் வாங்கியது 16. பத்தைத் தாண்டினாலே பகல் தூக்கம் அதிகம் என்று கணக்காம். அப்புறம் மெஷினைப் பார்த்தார். ஓடிய நேரம் சராசரி 4 மணி 20 நிமிடம். "இந்த 1.8 மூச்சுக்கான மார்க். அதுவும் மாஸ்க் போட்டிருந்த நேரத்துக்கு மட்டும். எவ்வளவு தூங்கினீங்கன்னு இதுல வராது" என்றார். கணக்குப்பிள்ளைக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடச் சொன்னார். ஒரு நாளுக்கு ஒரு வரி, ஒரு மணிக்கு ஒரு கட்டம், தூங்கிய கட்டத்தைக் கறுப்பாகத் தீட்ட வேண்டும். பதினான்கு வரியும் சேர்ந்தபோது பல் போன சீப்பு மாதிரி இருந்தது. ஒரு வரியில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை, அடுத்ததில் பதினொன்றிலிருந்து நாலரை. ஒழுங்காக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தினமும் மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை சாய்வு நாற்காலித் தூக்கம். டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் தட்டினார்.

"இங்க மாஸ்க் போட்டீங்களா?"

"மத்தியானத் தூக்கந்தானே டாக்டர்."

"மத்தியானம்னா தொண்டை அடைக்காதா?"

நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்காத ஒன்றும் அகப்பட்டது. கடையில் பூத்தூளுக்குத் தும்மல் வரும் என்று தினமும் செட்ரிசின் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவே தூக்கக் கலக்கம் தரக்கூடியது என்று நிறுத்தி, மூக்கு ஸ்ப்ரே கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, ஹீமோகுளோபின் சரி; வைட்டமின் பி12 மட்டும் குறைவு. எட்டு வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், நாளானால் அது பி12-ஐக் குறைக்குமாம். ஊசி போட்டார்கள். சாயங்கால டீயும் போயிற்று.

கஷ்டமான பகுதி முதலாளியிடம் பேசுவது. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தூங்காதது யார் என்று பூ மூட்டையில் சாய்ந்து கிடக்கும் லோடுமேன்களைப் பார்த்தால் தெரியும். கடைசியில், முகூர்த்த சீசன் உச்சத்தில் இருக்கும் நாட்கள் தவிர, நள்ளிரவுக் கணக்கை அவர் மகன் பார்ப்பது, நான் மூன்றரைக்கு வருவது என்று முடிவானது. இப்போது எட்டரைக்குப் படுக்கை, மூன்று மணிக்கு விழிப்பு. லீவு நாளிலும் நாலைத் தாண்டுவதில்லை. சீரியல் சத்தத்தை வீட்டில் குறைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடு.

நாலு மாதம் ஆகிறது. மெஷின் சராசரி ஆறு மணி நேரத்தைத் தொட்டுவிட்டது. அந்த எட்டுக் கேள்வியில் 9. போன முகூர்த்தத்தில் இரண்டு நாள் நோட்டில் பழைய சீப்பு திரும்பி வந்தது. மறுநாள் மத்தியானம் நாற்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, மாஸ்க்கும் போட்டுக்கொண்டு படுத்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், "தாத்தாவுக்கு ஆக்சிஜனா?" என்று கேட்டானாம். எனக்கு வயது 49.