150 பேருக்கு மேல் தாங்காதாம்

ரொபின் டன்பார் படித்தது உளவியல். 1970களில் எத்தியோப்பிய மலைகளில் கெலாடா குரங்குகளின் பின்னால் அலைந்தார். ஒன்றின் மயிரை ஒன்று கோதிப் பேன் பார்ப்பது வெறும் சுத்தத்துக்கா, அதுவும் மணிக்கணக்காக? உறவைப் பேணவும்தான். கூட்டம் பெருத்தால் எல்லாருக்கும் பேன் பார்க்க நேரம் போதாது. அந்த இடத்தில்தான் மனிதன் கதைக்கத் தொடங்கினான் என்பது அவருடைய வாதம். ஊர்ப்புதினத்துக்கு இதைவிட மரியாதை யாரும் கொடுத்ததில்லை!

1992இல் மூளையின் வெளிப்பகுதியான புறணியின் அளவை வைத்து, மனிதருக்குச் சுமார் 150 உறவுகள்தான் தாங்கும் என்றார். அதற்குள்ளும் 5, 15, 50 என்று அடுக்குகள். அந்த 5 பேர் நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் ஓடிவருகிற ஆட்கள்.

தங்கச்சியின் கலியாணத்துக்கு ஆட்களைக் குறைக்கலாமே என்று இதை அம்மாவிடம் எடுத்துவிட்டேன். "அந்த வெள்ளைக்காரனுக்கு வெள்ளவத்தையைத் தெரியாது" என்றுவிட்டு, கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவின் சம்பந்தி வீட்டையும் பட்டியலில் சேர்த்தார். மண்டபக்காரர் 400 கதிரைதான் என்கிறார். 2021இல் ஸ்டொக்ஹோம் ஆய்வாளர்களும் அந்த 150ஐ நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அதை அம்மாவிடம் சொல்வதாக இல்லை.