எருக்கும் வெந்தய வரியனும்: நீர்வண்ண நாட்குறிப்பு

ஜனவரி 6
ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட, தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுப் பூச்சிகள் பற்றிய நூலில் 60 ஓவியங்கள். செடி, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் பெரும்பாலும் ஒரே தாளில் இருக்கும். எந்தப் புழு எந்தச் செடியில் வளர்கிறது என்று அந்த அம்மையார் பதிவு செய்த முறை அது. பூவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பூச்சியை அழகுக்காக உட்காரவைத்தால் படம் பொய்யாகிவிடும். இந்தத் தாளுக்கு எருக்கு, அதைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி.

ஜனவரி 7
பூ முதலில் வாடும், எனவே பூவே முதல் வேலை. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. கொம்பை வெட்டியதும் கை கழுவ வேண்டும். கோட்டுருவை வேறு தாளில் திருத்தி முடித்தபின்தான் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் (தடித்த, வழவழப்பான) தாளுக்கு மாற்றுவது. நல்ல தாளிலேயே அழித்து அழித்து வரைந்தால் மேற்பரப்பு பிரிந்து, வண்ணம் அங்கே திட்டாக இறங்கும். வெளிர் ஊதா இதழுக்கு குயினாக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்புடன் துளி அல்ட்ராமரின் நீலம். அலிசரின் கிரிம்சன் சிவப்பு வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

ஜனவரி 9
இலை. எருக்கிலையின் சாம்பல் பூச்சு கடைசியில் வெள்ளை தடவினால் வராது. முதலில் நீர்த்த கோபால்ட் நீலம், நரம்புகளை விட்டுவிட்டு. முழுக்கக் காய்ந்தபின் மெல்லிய பச்சை. அரைகுறை ஈரத்தில் தண்ணீர் நிறைந்த தூரிகை பட்டால், அந்த நீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளி காலிஃபிளவர் போல் கறை விழும்.

ஜனவரி 10
புழுவின் முதுகில் கருங்கொம்பு மூன்று ஜோடி. இரண்டு ஜோடி போட்டால் அது மோனார்க் என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் புழு. மஞ்சளை முதலில் வைத்துக் காயவிட்டு, பிறகு கருவளையம். கருமைக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பர் பழுப்பும். டியூப் கறுப்பு உயிரில்லாமல் தட்டையாகக் கிடக்கும். வெள்ளை வளையம் வெறும் தாள்தான்.

ஜனவரி 12
வண்ணத்துப்பூச்சி. இறக்கை நான்கும் மார்பிலிருந்து கிளம்ப வேண்டும். வயிற்றில் ஒட்டியிருப்பது அடிக்கடி காணும் பிழை. இந்தக் குடும்பத்தில் முன்கால்கள் குறுகி மார்போடு மடங்கியிருப்பதால் நான்கு கால்களே தெரியும். ஆறையும் நீட்டி வரையக்கூடாது. உணர்கொம்பின் நுனி தடித்திருக்கும்.

ஜனவரி 13
கூட்டுப்புழுவின் பொன்புள்ளிக்குத் தங்கப் பெயின்ட் தேவையில்லை. நடுவில் தாளின் வெள்ளையைப் பொட்டாக விட்டு, சுற்றி மஞ்சள், ஒரு ஓரத்தில் மட்டும் அடர்பழுப்பு. மின்னும்.