சூரிச்சில் வெயிலுக்குக் காத்திருந்த வாரம்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். டிக்கெட் 110, 121 இரண்டு மண்டலத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். நகர மண்டலமான 110 மட்டும் விமான நிலையத்துக்குச் செல்லாது. டிராமில் ஏறும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. பரிசோதகர் வரும் நாளில் மாட்டினால் 100 பிராங்குக்குக் குறையாது. 24 மணி நேர டிக்கெட் இரண்டு ஒற்றை டிக்கெட்டின் விலைதான், அதையே எடுத்துவிடலாம்.

ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பெரிய அருங்காட்சியகங்களுக்கு இன்று விடுமுறை. திங்களைத் தேவாலயங்களுக்கு ஒதுக்குவதே புத்தி.

ஃபிரௌமுன்ஸ்டர் தேவாலயம், காலை 10 மணி. ஓவியர் மார்க் ஷகாலின் ஐந்து கண்ணாடி சன்னல்கள், 1970இல் பதித்தவை. அப்போது அவருக்கு வயது 83. வடக்குச் சுவரில் சிவப்பாகத் தீர்க்கதரிசிகள். கிழக்கே மூன்று: நீலத்தில் யாக்கோபின் ஏணி, நடுவில் பச்சையில் கிறிஸ்து, மஞ்சளில் சீயோன். தெற்கே மறுபடி நீலம், நியாயப்பிரமாணம். கிழக்கு பார்த்தவற்றுக்குக் காலை வெயில் வேண்டும். வெயில் இல்லாததால் மஞ்சள்தான் முதலில் சோர்ந்தது, நீலம் தாக்குப்பிடித்தது. இருந்தாலும் கால் மணி நேரம் உட்கார்ந்து கண் பழகியதும் ஏணியில் ஏறும் தேவதூதர்கள் ஒவ்வொருவராகத் துலங்கினார்கள். ஒரு படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. வடக்குப் பக்கச் சிறகில் இருக்கும் 1945ஆம் ஆண்டுச் சன்னலையும் பலர் தவறவிடுகிறார்கள். அது அகுஸ்தோ ஜாக்கோமெத்தி செய்தது. சிற்பி அல்பெர்த்தோ ஜாக்கோமெத்தி வேறு ஆள்.

ஆற்றைக் கடந்தால் கிராஸ்முன்ஸ்டர் தேவாலயம். மேற்குப் பகுதியில் ஜெர்மன் ஓவியர் போல்கேயின் ஏழு அகேட் கல் சன்னல்கள், 2009. கண்ணாடியே இல்லை, மெல்லிதாக அறுத்த கல் வில்லைகளை ஈயப்பட்டையால் இணைத்திருக்கிறார். ஒவ்வொரு வில்லையிலும் மரத்தின் ஆண்டு வளையம்போல் வரி வரியாக நிறம். பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் அதற்கு உயிர். இன்று பாதி உயிர்.

நவம்பர் 4, செவ்வாய்

மூடுபனி. ரயில் நிலையத்தை ஒட்டிய லாண்டஸ்மியூசியம் என்ற தேசிய அருங்காட்சியகத்தோடு சரி.

நவம்பர் 5, புதன்

7ஆம் எண் டிராம், ரீட்பெர்க் அருங்காட்சியக நிறுத்தம். பிறகு பூங்கா வழியே ஏற்றம். புதன்கிழமை இரவு 8 வரை உண்டு, மற்ற நாள் 5 மணியோடு முடிந்தது.

சோழர் கால நடராசர். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் மேனி இங்கே முழுசாகத் தெரிகிறது: உடுக்கை பிடித்த விரல்கள், பறக்கும் சடை, காலடியில் முயலகன். தீபம் இல்லை, மின்விளக்குதான். மூடுபனியால் இவருக்கு மட்டும் நட்டமில்லை.

நடராசரே போதும் என்று திரும்பக் கூடாது. 2007இல் கட்டிய பகுதி தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே பச்சைக் கண்ணாடி நுழைவாயில் மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

குன்ஸ்ட்ஹவுஸ் கலை அருங்காட்சியகம், இரவு 8 வரை. பழைய கட்டடமும் 2021இல் திறந்த, சிப்பர்ஃபீல்டு வடிவமைத்த கட்டடமும் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையால் இணைந்தவை. அரை நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு கட்டடம் விட்டுப்போகும்.

பூர்லே சேகரிப்பில் படங்களின் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் படிக்க வேண்டும். நாஜி ஜெர்மனிக்கு ஆயுதம் விற்றுப் பணம் சேர்த்தவர் பூர்லே. ஓவியர் ரெனுவார் 1880இல் வரைந்த சிறுமி ஐரீனின் உருவப்படம் நாஜிகள் கொள்ளையடித்தது. போருக்குப் பின் ஐரீனிடமே திரும்பி வந்தது. அவர் விற்றார், வாங்கியவர் பூர்லே. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போக முடியவில்லை.

வெளியே வந்தபோது ஈரச் சாலை. நாளையாவது.

நவம்பர் 7, வெள்ளி

எஸ்10 ரயில், ஊட்லிபெர்க் மலை. உச்சி 870 மீட்டர். மேலே சுள்ளென்று வெயில்! கீழே நகரம் இல்லை, வெள்ளைப் பஞ்சு மட்டும்.

மணி மூன்று. ஏரிப் பக்கம் பஞ்சு கிழிகிறது. ஷகாலுக்கு நேரம் போய்விட்டது, போல்கேயின் கற்களுக்கு இன்னும் இருக்கிறது. ஐந்துக்குக் கதவைச் சாத்துவார்கள். அடுத்த வண்டி