உப்பைத் தள்ளும் பனி: மூன்று முயற்சிகள்

கடல்நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது, துருவக் கடலில் அந்த உப்புநீர் மூழ்கித்தான் ஆழ்கடல் நீரோட்டம் தொடங்குகிறது என்று படித்த நாளிலிருந்து அதைக் கண்ணால் பார்த்துவிட ஆசை. மூன்று வாரமாக ஃப்ரீசரில் பாதி இடம் இதற்குத்தான்.

முதல் முறை சரியாக வரவில்லை. கடல்நீரின் சராசரிப்படி லிட்டருக்கு 35 கிராம் உப்பு, சில துளி நீலச் சாயம் கலந்து, பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே உள்ளே வைத்தேன். நாலு பக்கமும் அடியும் சேர்ந்து உறைந்து, உப்பும் சாயமும் போக வழியில்லாமல் நடுவில் கூழாகத் தேங்கிவிட்டன. கடல் மேலிருந்து மட்டும்தானே உறையும்!

அடுத்த முறை 5 லிட்டர் டப்பாவின் பக்கங்களுக்கும் அடிக்கும் தெர்மாகோல் சுற்றி, மேலே மட்டும் திறந்து வைத்தேன். 18 மணி நேரத்தில் 2 செ.மீ. கனத்துக்குப் பனிப்பலகை. அதை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கொஞ்ச நேரம் அசையவே தோன்றவில்லை. வெளுத்த பனிக்குள் மேலிருந்து கீழாக, முடி கனத்தில் நீலக் கோடுகள். அடிப்பக்கம் கெட்டியாக இல்லை. சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள் நெருக்கமாகத் தொங்கின, விரல் பட்டதும் அமுங்கின.

அந்த நீலக் கோடுகள்தான் உப்புநீர் வடியும் வழிகள். அன்டார்க்டிக் கடல் பனியில் இதே மாதிரி இடுக்குகளில் டயட்டம் என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பனியின் அடிப்பக்கம் பழுப்பேறித் தெரிவது அவற்றால்தான். குளிர்காலத்தில் வேறு இரை அரிதாகும்போது, கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகள் இந்தப் பாசியைச் சுரண்டித் தின்று உயிர் பிழைக்கின்றன. அடேலி பென்குவின், நண்டுண்ணி சீல் (பெயர் அப்படி, தின்பதென்னவோ கிரில்தான்), பெருந்திமிங்கலங்கள் எல்லாம் அந்தக் கிரிலை நம்பி இருப்பவை. பனி குறைந்தால் என்ன ஆகும் என்ற கவலை, அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு நிஜமாக உறைத்தது.

அப்புறம் எடை பார்த்தேன். உருகிய பனிநீர் 100 மில்லியை வற்றவைத்தால் 1.2 கிராம் உப்பு. டப்பாவில் மிஞ்சிய நீரில் 4.1 கிராம். தொடங்கியபோது இருந்தது 3.5. டப்பாவில் இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அன்டார்க்டிக்காவைச் சுற்றி, நீண்டகாலச் சராசரிப்படி, பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கி.மீ. இருக்கும் பனி, செப்டம்பரில் சுமார் 180 லட்சமாக விரிகிறது. ராஸ் கடலோரத்தில் நிலத்திலிருந்து வீசும் கடுங்காற்று, உறைந்த பனியை உடனுக்குடன் தள்ளிக்கொண்டு போவதால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புதுப்பனி பிடிக்கிறது. உப்பும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இப்படிக் கனத்த நீர் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை) சரிவில் வழிந்து, அன்டார்க்டிக் அடிநீராகப் பூமத்திய ரேகையைத் தாண்டியும் ஆழ்கடல் தரையில் பரவுகிறது. ஆழத்து உயிர்களுக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதும் அதுவே.

மூன்றாவது முயற்சி நேற்று: கீழே வடியும் கடுங்குளிர் உப்புநீர், சுற்றியுள்ள நீரையே உறையவைப்பதைப் பார்க்க. ஒரு லிட்டருக்கு 300 கிராம் உப்புக் கரைசல், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில்கூட உறையாது. அதைச் சிரிஞ்சில் எடுத்து, பனித்துண்டு மிதக்கும் குளிர்ந்த நன்னீரில் மெதுவாக விட்டேன். முதல் இரண்டு தடவை வேகமாக அழுத்தியதில் கரைசல் கலைந்து போனது. மூன்றாவது தடவை, ஊசிமுனையைச் சுற்றி வெண்மையாக ஒரு வளையம். அது கீழே நீண்டு, உள்ளே கரைசல் ஓடும் பனிக்குழாயாக 4 செ.மீ. வரை வளர்ந்து முறிந்தது. அன்டார்க்டிக்காவின் மெக்மர்டோ நீரிணையில் இத்தகைய குழாய்கள் கடல்தரையைத் தொட்டு, அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் நட்சத்திர மீன்களை உறையவைத்து விடுகின்றன.

அடுத்து நன்னீருக்குப் பதில் கடல் அளவு உப்புநீரை மைனஸ் 1.8 டிகிரிக்குக் கொண்டுவந்து அதில் விட வேண்டும். அந்தக் குளிரில் உறையாமல் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். டப்பாவை உப்புக் கலந்த ஐஸ் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். வெப்பமானி இப்போது மைனஸ் 1.1 காட்டுகிறது.