ஹொக்கியில் நான் யார் பக்கம்?
ஹொக்கி உலகக் கிண்ணத்தில் இலங்கை இல்லை, ஆகவே கடனாகத்தான் ஒரு அணியைப் பிடிக்கவேண்டும். பாகிஸ்தான் 4 தடவை வென்ற அணி என்று மாமா இன்னும் பெருமை பேசுவார், ஆனால் கடைசிக் கிண்ணம் 1994இல், நான் அப்போது பிறக்கவேயில்லை. இந்தியாவுக்கு 1975 ஒன்றுதான். மச்சான் ஜெர்மனியாம், 2023இல் வென்றவர்களோடு ஒட்டிக்கொள்வதெல்லாம் ஒரு ரசனையா?

நான் நெதர்லாந்து. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கமும் அவர்களுக்கே, இரண்டு இறுதியாட்டமும் பெனால்டி ஷூட்அவுட் வரை போனது, நெஞ்சு படபடவென்று அடிக்கிற ஆட்டம்தான் எனக்கு வேண்டும். "நம்மட மட்டக்களப்புக் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தனுக்கா கைதட்டுறாய்?" என்று அம்மா கேட்கிறா. 1638இல் அவர்கள் அதைப் பறித்தது போர்த்துக்கேயரிடம் அம்மா! பின்னேரத்தில் புளியந்தீவில் அந்தச் சுவரோரம் நின்று வாவிக் காற்று வாங்குகிற எனக்கு இந்தளவு நன்றிகூட இருக்கக்கூடாதா?