சம்பளப் பாக்கியும் சிறைப்பட்ட ராஜாவும்: 1647 பற்றிய நாட்குறிப்பு

மே 30

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் என்றதும் பலரும் ராஜாவின் படை நாடாளுமன்றப் படையிடம் தோற்ற நேஸ்பி சண்டைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலை விழுந்த மேடைக்குப் போவார்கள். நடுவில் 1647 என்று ஒரு வருஷம் இருக்கிறது. முதல் சுற்றுப் போர் முடிந்தாயிற்று, ராஜா கைதி, ஜெயித்தது நாடாளுமன்றம். பிறகும் குழப்பம் ஏன் அடங்கவில்லை? அந்த வருஷத்துச் சம்பளக் கணக்கைப் பார்த்தால் பாதி புரியும்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அன்றைய இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான். நம் கணக்குக்கு 10 நாள் பின்னால் ஓடும். வருஷப் பிறப்பும் மார்ச் 25. ராஜாவின் மரண உத்தரவில் 1648 என்றிருப்பது எழுத்துப் பிழை இல்லை. கீழே தேதிகள் பழைய கணக்கு, வருஷம் மட்டும் நம் கணக்கு.

மே 31

1645இல் நாடாளுமன்றம் கட்டிய புது மாதிரிப் படையின் (New Model Army) அளவு: தலா 1,200 பேர் கொண்ட 12 காலாட்படைப் பிரிவு, தலா 600 பேர் கொண்ட 11 குதிரைப்படைப் பிரிவு, குதிரையில் போய் இறங்கிச் சுடும் டிராகூன்கள் 1,000. மொத்தம் 22,000. தாளில் உள்ள கணக்கு இது, களத்தில் பெரும்பாலும் குறைவு. காலாள் ஒருவனுக்கு நாளுக்கு 8 பென்ஸ். குதிரைவீரனுக்கு 2 ஷில்லிங், அவன் சாப்பாடும் குதிரைத் தீனியும் அதற்குள்தான்.

இந்தச் செலவுக்காக மாவட்டங்கள் மேல் மாதம் 53,436 பவுண்டு விதித்தார்கள். 1643லேயே பியர் போன்றவற்றின் மேல் கலால் வரியும் வந்துவிட்டது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ராஜா கேட்டார் என்று, போருக்கு முன் கப்பல் வரியில் தன் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்டாமல் வழக்காடியவர் ஜான் ஹாம்டன். அவருடைய கட்சி வென்ற பிறகு மக்கள் கட்டியது அதைவிடப் பல மடங்கு. ராஜா கேட்டது கொஞ்சம், ஆனால் முறைப்படி கேட்கவில்லை. இவர்கள் முறைப்படி கேட்டார்கள், கேட்டதுதான் கொள்ளை.

அப்படி விதித்தும் பணம் நேரத்துக்கு வராது. வராத மாதங்களில் சிப்பாய்கள் ஊரார் வீடுகளில் தங்கிச் சாப்பிட்டு, காசுக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு என்றைக்குப் பணமாகும் என்று வீட்டுக்காரனுக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்தவனுக்கும் தெரியாது. படை மேல் ஊருக்கு வந்த வெறுப்பில் பெரும்பங்கு இந்தச் சீட்டால் வந்தது.

ஜூன் 1

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

1647 வசந்தத்தில் காலாளுக்குப் பாக்கி 18 வாரம். 126 நாள், நாளுக்கு 8 பென்ஸ்: 1,008 பென்ஸ், அதாவது 4 பவுண்டு 4 ஷில்லிங். குதிரைவீரனுக்குப் பாக்கி 43 வாரம். 301 நாளுக்கு 602 ஷில்லிங், 30 பவுண்டு 2 ஷில்லிங்.

படையைக் கலைக்கும்போது கையில் தர நாடாளுமன்றம் முதலில் சம்மதித்தது 6 வாரச் சம்பளம். காலாளுக்கு 1 பவுண்டு 8 ஷில்லிங், குதிரைவீரனுக்கு 4 பவுண்டு 4 ஷில்லிங். முன்னவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. பின்னவனுக்கு ஏழில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது. படையின் கலகத்தில் குதிரைப்படை ஏன் முந்திக்கொண்டது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வரியைத்தான்.

ஜூன் 2

பணம் மட்டும்தானா என்றால், இல்லை. போர்க்காலத்தில் மேலதிகாரி சொன்னான் என்று ஒருவன் குதிரையைப் பிடித்து வந்திருப்பான். சமாதானம் வந்ததும் குதிரைக்காரன் திருட்டு வழக்குப் போடலாம், சிப்பாய் தூக்கில் தொங்கலாம். அதனால் சட்டப் பாதுகாப்பு கேட்டார்கள். விருப்பமில்லாதவனை அயர்லாந்துக்கு அனுப்பக் கூடாது, விதவைகளுக்கும் ஊனமானவர்களுக்கும் உதவி வேண்டும் என்றும் சிப்பாய்கள் மார்ச்சில் எழுதிய மனுவில் இருந்தது. அரசியல் கோரிக்கை என்று அதில் ஒன்றும் இல்லை.

நாடாளுமன்றத்தின் பதில் வேறு மாதிரி வந்தது. மனுவை இதற்கு மேல் தூக்கிப் பிடிப்பவர்கள் அரசின் எதிரிகள் என்று ஓர் அறிவிப்பு. எழுதியவர் டென்சில் ஹோல்ஸ். 1642 ஜனவரி 4 அன்று ராஜா ஆயுதம் தாங்கிய ஆட்களோடு கீழவைக்கு வந்து தேடிய ஐந்து உறுப்பினர்களில் இதே ஹோல்ஸும் ஒருவர்! நாடாளுமன்றத்தில் பிரஸ்பிட்டேரியன் என்ற அணியின் தலைவரான அவருக்கு நாடு முழுக்க ஒரே திருச்சபை அமைப்பு வேண்டும். படையிலோ ஒவ்வொரு சபையும் தன் வழியில் நடக்கட்டும் என்ற தனிச் சபைக்காரர்கள் ஏராளம். கலைத்துவிட்டால் தங்கள் வழிபாட்டுக்கும் பூட்டு விழும் என்று அவர்கள் பயந்தது நியாயம்தான்.

ஜூன் 4

படையை மொத்தமாகக் கலைத்தால் திமிறும், ஆகவே பிரிவு பிரிவாக, வெவ்வேறு ஊரில் கலைப்பது என்பது திட்டம். முதலில் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் சொந்தக் காலாட்படைப் பிரிவு, ஜூன் 1, செம்ஸ்ஃபோர்டில். கலைக்கப் போனவர்களுக்குப் பிரிவு கிடைக்கவில்லை. அது நியூமார்க்கெட் பக்கம் நடையைக் கட்டிவிட்டது.

அதே வாரத்தில் ஜார்ஜ் ஜாய்ஸ் என்ற கார்னெட், குதிரைப்படையில் கொடி தூக்கும் கடைநிலை அதிகாரி, 500 குதிரைவீரர்களோடு ஹோல்டன்பி மாளிகைக்கு வந்தான். ராஜாவுக்குக் காவல் நின்றவர்கள் சண்டைக்கே நிற்கவில்லை, வந்தவர்களோடு கை குலுக்கினார்கள். காவல் தலைவர் கிரேவ்ஸ் நழுவிவிட்டார். அவர் துணைப்படையோடு திரும்புவாரோ என்ற கவலையில், ஜூன் 4 காலை ராஜாவையே கிளப்பிக்கொண்டு போனார்கள். யார் உத்தரவு என்று சார்லஸ் கேட்க, ஜாய்ஸ் பின்னால் அணிவகுத்து நின்ற வீரர்களைக் காட்டினான்.

படையின் குதிரைப்படைத் தலைவர் கிராம்வெல் அனுப்பித்தான் ஜாய்ஸ் வந்தானா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ராஜாவைப் படையின் காவலில் எடுக்கும் திட்டம் கிராம்வெல்லுக்குத் தெரிந்திருக்கும், இடம் மாற்றியது ஜாய்ஸின் சொந்த முடிவு என்பது என் ஊகம்.

ஜூன் 6

ஜூன் 5 அன்று நியூமார்க்கெட் அருகே திரண்ட படை, குறை தீராமல் கலைவதில்லை என்று உறுதி எடுத்தது. பிரிவுக்கு இரண்டு அதிகாரிகள், இரண்டு சிப்பாய்கள் சேர்ந்த ஒரு மன்றமும் அமைந்தது. சிப்பாய் தேர்ந்தெடுத்த ஆள் தளபதியோடு ஒரே அவையில் உட்கார்ந்தான். அந்தக் காலத்துக்கு இது சாதாரணம் இல்லை. பத்துப் பதினைந்து நாளுக்குள் படை 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேல் குற்றம் சாட்டியது. ஐவரில் இருந்த ஹோல்ஸ் இந்தப் பதினொருவரிலும் இருந்தார்.

பாக்கி என்ன ஆனது? பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, பிறகு தருகிறோம் என்ற கடன் பத்திரமாகத்தான் வந்தது. ராஜா செத்த பிறகு, 1649 ஜூலையில், அரச நிலங்களை விற்கச் சட்டம் போட்டு, இந்தப் பத்திரங்களை விலையாக ஏற்றார்கள். நாலு பவுண்டுப் பத்திரத்துக்கு எந்த அரண்மனைத் தோட்டம் கிடைக்கும்? சிப்பாய்கள் பலர் அவசரத்துக்குக் கழிவு விலையில் தங்கள் அதிகாரிகளிடமே விற்றார்கள். அவர்கள் கட்டுக் கட்டாகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள்.