20 இஞ்சு ரிம்மும் செம்பனை முள்ளும்

அக்கா மகன் பழைய டோயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். வண்டி கைக்கு வந்த சூட்டோடு வாட்ஸ்அப்பில் ஒரு படம்: பளபளவென்று கறுப்பு ரிம், 20 இஞ்சு, அதைச் சுற்றி மெலிசாக ஒரு டயர். "மாமா, இது நம்ம வண்டிக்கு உட்காருமா?" உட்காரும். அதுதான் வம்பே. சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வாரத்தில் பாதி நாள் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடப்போகிற வண்டிக்கு அதைப் போடலாமா என்பது வேறு கேள்வி. அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயும் போட்டுவைக்கிறேன்.

அவன் வண்டியில் வந்த அளவு 265/65ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் ரிம்மின் விட்டம், அது இஞ்சில். நடுவில் இருக்கிற 65தான் ஆளைக் கவிழ்க்கும். அது மில்லிமீட்டரும் இல்லை, இஞ்சும் இல்லை, அகலத்தில் 65 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்று அர்த்தம், அதனால் 65ஐ அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டினாலும் உயரம் தானாக ஏறிவிடும். சரி, கணக்குக்கு வருவோம். பக்கச் சுவர் 172 மி.மீ., மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் ரிம் 432. மொத்தம் 776. கியர், பிரேக், வேகமானி எல்லாம் இந்த 776ஐ நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. உன் வண்டிக்கு எந்த அளவு, எவ்வளவு காற்று என்பதெல்லாம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும், இப்போது மாட்டியிருக்கிற டயரை அல்ல. முந்தைய ஆள் என்னென்ன செய்துவைத்தாரோ.

இப்போது அந்தப் படத்தில் இருக்கிற 265/50ஆர்20க்கு அதே கணக்கைப் போட்டால் 773 வருகிறது. மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம். ஆகவே டயர் கடைத் தவுக்கே "போலே, போலே" (முடியும், முடியும்) என்று தலையாட்டினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது, 172 இருந்த பக்கச் சுவர் 132 ஆகிவிட்டது. தார் ரோட்டில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போய்வருகிறவனுக்கு அந்த 40 மில்லிமீட்டர் பெரிய இழப்பில்லை, சொல்லப்போனால் வளைவில் வண்டி இன்னும் இறுக்கமாகத் திரும்பும். தோட்டத்துக்குள் அப்படியில்லை. மழை பெய்த மறுநாள் குலை ஏற்றிய லோரி போய்வந்த செம்மண் பாதையைப் பார்த்திருப்பாய், இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம், தண்ணீர் நின்றால் அடியில் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா தெரியாது. அந்தக் கல்லில் ஏறும்போது கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் நசுங்குவது டயரின் பக்கச் சுவர். அது உயரமாக இருந்தால் மடங்கிக்கொடுத்துத் தப்பிக்கும். குட்டையாக இருந்தால் உள்ளே நூல் அறுந்து வெளியே கொப்புளம் கிளம்பும், இல்லாவிட்டால் ரிம்மே வளையும். சேற்றில் மாட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுவோமே, அந்த வித்தைக்கும் உயரமான சுவர்தான் வேண்டும்.

அப்புறம் முள். செம்பனை மட்டையின் அடிப்பக்கம் இரண்டு ஓரமும் பல் வைத்தாற்போல முள் இருக்கும், வெட்டி வரிசையில் அடுக்கிய மட்டை காய்ந்த பிறகு அது குத்தினால் ஆணி மாதிரி இறங்கும். டயரின் நடுவில் குத்தினால் பட்டறை போமன் ஒட்டிக்கொடுத்துவிடுவார், பக்கச் சுவரில் குத்தினால் டயர் போச்சு. இதற்கு சைஸ் மருந்தில்லை, டயரின் ரகம்தான் மருந்து. எல்டி, அதாவது லைட் டிரக், என்று எழுதிய ரகத்தில் பக்கச் சுவர் தடிமனாக இருக்கும். எடையும் கூட, டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும், 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியதிலிருந்து இதையெல்லாம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த ரகத்துக்கு அதே சுமையைத் தாங்கக் காற்றும் அதிகம் வேண்டும், கதவு ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் அப்படியே பொருந்தாது.

சைஸுக்குப் பக்கத்தில் 112எஸ் என்கிற மாதிரி ஒன்று எழுதியிருக்கும், பெரும்பாலானவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, அது நமக்குப் போதும் போதும். 112 என்பது சுமை எண், ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 265/50ஆர்20இல் 107 எண்ணோடு வருகிற டயர்கள் உண்டு, அது 975 கிலோ. பின்னால் இரண்டு டயருக்குமாகக் கிட்டத்தட்ட 300 கிலோ குறைகிறது. உர மூட்டையையும் குலையையும் ஏற்றுகிற வண்டிக்கு நான் முதலில் பார்க்கிறது இந்த எண்ணைத்தான்.

பெரிசாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 265/70ஆர்17 வரை நான் ஒத்துக்கொள்வேன். விட்டம் 803, கம்பெனி அளவைவிட 3.4 விழுக்காடு கூட. இதில் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் உனக்குக் கிடைக்கிறது வெறும் 13 மி.மீ., ஏனென்றால் கூடின உயரத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். வேகமானி 110 காட்டும்போது கணக்குப்படி வண்டி 113க்கு மேல் போகும், வேகமானிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் அது ஓரளவு சரியாகிவிடும். வாங்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மாட்டி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார், எங்கேயும் உரசக் கூடாது. 285/70க்குப் போனால் விட்டம் 7 விழுக்காடு ஏறும், மேட்டில் வண்டி திணறும், வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டிவரும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோமில் வண்டிச் சோதனை என்று அலைய வேண்டும். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் நாளை வண்டியைப் பெயர் மாற்றும்போதும் தலைவலி.

இன்னொன்று, ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் இருந்து கழற்றின ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இரண்டுக்கும் ஆறு துளை, 139.7 மி.மீ. வட்டம், பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடு ஓட்டை ரேஞ்சரில் 93.1, ஹைலக்ஸில் 106.1, மாட்டவே மாட்டாது.

நாலையும் ஒரே நேரத்தில் மாற்றக் காசு இடிக்கும், தெரியும். இரண்டு இரண்டாக மாற்று, ஆனால் அதே அளவில் மாற்று. ஃபோர்வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கிற வண்டி இது, இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃப்ரன்ஷியல் நடுவில் கிடையாது. முன்னால் 776, பின்னால் 803 என்று வைத்துக்கொண்டு கெட்டியான தரையில் ஃபோர்வீலில் ஓட்டினால் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்தனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு அடிவாங்கும். வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்பேர் டயரையும் குனிந்து பார், சைஸ் ஒன்றுதானா என்று. பக்கச் சுவரில் நாலு எண்கள் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது, பழைய வண்டியில் பெரும்பாலும் அந்த ஸ்பேர்தான் எல்லாவற்றிலும் கிழம்.